சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் வலியும் மூலிகைக் கப்சூல்களும்: வீட்டார் படிப்படியாக அறிய வேண்டியவை

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்வதற்காக வைத்தியசாலையில் அனுமதித்த அன்று, தாதி ஒருவர் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா அம்மா?" என்று கேட்டார். "பிரஷர் குளிசை மட்டும்தான் பிள்ளை" என்றார் அம்மா. பொய் சொல்லும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இருக்கவில்லை. வெள்ளவத்தை வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வரிசையாக நின்ற போத்தல்கள், அதாவது ரொறன்ரோவிலிருந்து மச்சாள் அனுப்பிய மஞ்சள் கப்சூலும் உள்ளி எண்ணெய்க் கப்சூலும், அவருடைய கணக்கில் மருந்தாகச் சேரவே இல்லை. மூன்றாம் நாள் தொடையிலிருந்து கணுக்கால் வரை கால் கருநீலமாகக் கன்றியபோதுதான் அந்தப் போத்தல்கள் என் நினைவுக்கு வந்தன. காரணம் அவைதான் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. மூட்டு மாற்றிய காலில் கன்றல் வருவது வழக்கம், இரத்தக் கட்டியைத் தடுக்கும் ஊசியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் போத்தலைக் கையில் வாங்கி அதன் பின்புறத்தைப் படித்த வைத்தியர், "இதை முதலே சொல்லியிருந்தால் திகதியைத் தள்ளிப் போட்டிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். "அது மஞ்சள்தானே, டொக்டர்" என்றார் அம்மா.

இந்த வழிகாட்டி அந்த "தானே" என்ற சொல்லைக் குறித்தது. கறியில் போடும் மஞ்சளும் கப்சூலில் அடைத்த மஞ்சளும் உடலுக்கு ஒன்றல்ல. சத்திரசிகிச்சைக்குப் பின் மூலிகைகளுக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் வைத்தியர் தரும் வலி மருந்துக்குப் பின்னால், உரிய காலத்தில், அவர் அறியும்படியாக இருக்க வேண்டும்.

முதற்படி: சத்திரசிகிச்சைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள்

வலிக்கு என்ன கொடுக்கலாம் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் நோயாளி வீடு திரும்பிய பிறகே கேட்கிறோம். உண்மையில் வேலை அதற்கு முன்பே தொடங்குகிறது. வீட்டில் உள்ள எல்லாப் போத்தல்களையும், பொதிகளையும், தூள்களையும் ஒரு பையில் போட்டு, மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரைச் சந்திக்கப் போகும்போது அப்படியே கொண்டு போங்கள். வீட்டுப் பெரியவரிடம் "என்ன மருந்து குடிக்கிறீங்கள்?" என்று கேட்காதீர்கள், "சாப்பாட்டைத் தவிர வாயில் போடுவது என்னென்ன?" என்று கேளுங்கள். முதற் கேள்விக்கு வராத பதில்கள் இரண்டாவதற்கு வரும்: காலையில் குடிக்கும் கொத்தலஹிம்புட்டுத் தேநீர், இரவில் ஒரு மூடி அரிஷ்டம், தடிமன் வந்தால் அவிக்கும் பஸ்பங்குவ, நித்திரைக்கு அமுக்கராத் தூள்.

அமெரிக்க மயக்கவியல் நிபுணர் சங்கம் மூலிகைத் துணை மருந்துகளைச் சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது 2 வாரங்களுக்கு முன்பே நிறுத்துமாறு அறிவுறுத்தியிருக்கிறது. காரணம் மூலிகைக்கு மூலிகை வேறுபடும். உள்ளி, இஞ்சி, மஞ்சள், ஜின்கோ, ஜின்செங் ஆகியவற்றின் செறிவான சாறுகள், இரத்தத்தை உறையச் செய்யும் இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைத்து, இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. உள்ளியில் உள்ள ஒரு சேர்மம் தட்டுகளை மீளமுடியாதபடி செயலிழக்கச் செய்வதாலும், புதிய தட்டுகள் உருவாகி நிரம்ப ஒரு வாரத்துக்கு மேல் செல்லும் என்பதாலும், முதல்நாள் நிறுத்துவதில் பயனில்லை. கொத்தலஹிம்புட்டு, பாகற்காய்ச் சாறு, மரமஞ்சள் ஆகியவை இரத்தச் சீனியைக் குறைப்பதால், உணவின்றி இருக்கும் சத்திரசிகிச்சை நாளில் சீனி வருத்தக்காரருக்கு அது மிகவும் தாழ்ந்துவிடலாம். அமுக்கரா, வலேரியன், காவா போன்றவை மயக்க மருந்தின் உறக்கத்தை ஆழமாக்கக்கூடும். வெளிநாட்டு உறவினர்கள் மனச்சோர்வுக்கென அனுப்பும் சென் ஜோன்ஸ் வோட் என்ற மூலிகையோ ஈரலின் நொதிகளைத் தூண்டி மற்ற மருந்துகளை உடல் விரைவாகக் கழிக்கச் செய்துவிடும். வலிக்கு ட்ரமடோல் எழுதப்பட்டால், அதனோடு சேர்ந்து, மூளையில் வேலை செய்யும் செரட்டோனின் என்ற இரசாயனத்தின் அளவை ஆபத்தான உயரத்துக்குக் கொண்டு போகவும் முடியும்.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கறியில் போடும் உள்ளியையும் இரசத்தையும் நிறுத்தத் தேவையில்லை. இங்கே பேச்சு செறிவூட்டிய சாறுகளைப் பற்றியது. அதுபோல, இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின், வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற, வைத்தியர் எழுதிய மருந்துகளை இதைப் படித்துவிட்டு நீங்களாகவே நிறுத்தக் கூடாது. நிறுத்துவதா, எப்போது நிறுத்துவது என்பதை இதய வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்துதான் முடிவு செய்வார்கள். குடல்வால் அழற்சிபோல நள்ளிரவில் அவசரமாகச் செய்யும் சத்திரசிகிச்சையில் நிறுத்துவதற்கு நேரமிராது. அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான், குடித்தவற்றை மறைக்காமல் சொல்வது. கேட்டால் ஏசுவார்கள் என்ற பயத்தில் நம் ஆட்கள் மறைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஏச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரண்டாம் படி: எழுதித் தந்த வலி மருந்தைப் புரிந்துகொண்டு கொடுங்கள்

வீட்டுக்கு அனுப்பும்போது தரப்படும் டயக்னோசிஸ் கார்டில் மருந்துகளின் பெயர், அளவு, நாட்கள் எழுதப்பட்டிருக்கும். எழுத்து விளங்காவிட்டால் வார்ட்டை விட்டு வெளியேறுவதற்கு முன்பே தாதியிடம் கேட்டு, ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அடித்தளமாக இருப்பது பரசிட்டமோல்: வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மேற்படாமல். 50 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் வைத்தியர் இந்த அளவைக் குறைப்பார். நம் வீட்டு அம்மம்மாமார் பலர் இந்த எடைக்குள் அடங்குபவர்கள் என்பதால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். அதற்கு மேல் டைக்ளோஃபெனக் அல்லது இபுபுரூபன், கடும் வலிக்கு ட்ரமடோல் அல்லது மோர்ஃபின் வகை மருந்து எழுதப்பட்டிருக்கலாம்.

வலி வந்த பிறகு குளிசை போடலாம் என்று காத்திருப்பது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். முதல் மூன்று நாட்களில் இது தவறு. நேரத்துக்கு நேரம் கொடுக்கும் மருந்து வலியை எழும்ப விடாமல் வைத்திருக்கும். எழுந்த வலியை அடக்குவதற்கோ கூடுதல் மருந்து தேவைப்படும். வலி அடங்கியிருந்தால்தான் நோயாளி ஆழமாக மூச்செடுப்பார், இருமிச் சளியை வெளியேற்றுவார், எழுந்து நாலடி நடப்பார். இவை நடக்காவிட்டால் நுரையீரலில் சளி தங்கிக் காய்ச்சல் வருவதும், காலில் இரத்தம் உறைவதும் பின்தொடரக்கூடும். எனவே "ஆங்கில மருந்து உடம்புக்குக் கூடாது, கசாயத்தோடு சமாளிக்கலாம்" என்று முதல் நாட்களில் குளிசையை ஒளித்து வைப்பது நோயாளிக்குச் செய்யும் நன்மையல்ல. இந்தக் காலத்தில் எந்த மூலிகையும் அந்த மருந்துகளின் இடத்தைப் பிடிக்காது.

மூன்றாம் படி: எப்போது தொடங்கலாம், யார் தொடங்கவே கூடாது

நான் பின்பற்றுமாறு சொல்வது எளிய அளவுகோல்: முதலாவது கிளினிக்கில் சத்திரசிகிச்சை நிபுணர் காயத்தைப் பார்த்து, இரத்தக் கசிவோ நீர்க்கசிவோ இல்லை என்று சொல்லும்வரை மூலிகைக் கப்சூல் எதுவும் வேண்டாம். அதோடு, நோயாளி வழமையான உணவை உண்ணவும், மலசலம் ஒழுங்காகப் போகவும், இரத்தக் கட்டியைத் தடுக்கும் ஊசி அல்லது குளிசையின் காலம் முடியவும் வேண்டும். இடுப்பு அல்லது முழங்கால் மாற்றியவர்களுக்கு இந்தத் தடுப்பு மருந்து சில வாரங்கள் தொடரலாம்; அதுவரை பொறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நாட்களில் மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அவித்த தண்ணீர் ஒரு கோப்பை, வழமையான சமையல் அளவில், தாராளமாகக் குடிக்கலாம்.

சிலருக்கு இந்த அளவுகோலும் பொருந்தாது. மூளை, முதுகுத்தண்டு, கண் ஆகியவற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குச் சிறு கசிவும் பெருங்கேடாகும் என்பதால், வைத்தியர் தாமாகச் சொல்லாதவரை மூலிகைக் கப்சூல் வேண்டாம். வார்ஃபரின் குடிப்பவர்கள், சிறுநீரகம் அல்லது ஈரல் பழுதடைந்தவர்கள், உறுப்பு மாற்றம் செய்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுவர்கள், சில வாரங்களில் இரண்டாவது சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கப்பட்டவர்கள் ஆகியோரும் இதில் அடங்குவர். வார்ஃபரின் குடிப்பவர்களுக்கு இன்னுமொன்று: காலையில் குடிக்கும் இலைக்கஞ்சியில் வைட்டமின் கே நிறைய உண்டு. குடிப்பதானால் நாள்தோறும் ஒரே அளவில் குடிக்க வேண்டும்; "உடம்பு தேறட்டும்" என்று ஒரு வாரம் மூன்று கோப்பை குடித்து, மறுவாரம் விட்டுவிட்டால் இரத்தப் பரிசோதனை அளவு தாறுமாறாகிவிடும்.

வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மாமிமார் வைக்கும் சரக்குக் கறியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி சேர்ந்த அந்தக் கறி உணவு. வயிறு ஏற்றுக்கொண்டால் கொடுக்கலாம். அதே சரக்கைச் செறிவாக்கி விற்கும் கப்சூலைப் பாலூட்டும் தாய்க்குக் கொடுப்பது வேறு விடயம்; அதை வைத்தியரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

நான்காம் படி: எந்த மூலிகையிடம் எதை எதிர்பார்க்கலாம்

மஞ்சளிலிருந்து தொடங்குவோம். மஞ்சள் தூளில் எடைக்கு ஏறக்குறைய 3 சதவீதம் மட்டுமே குர்குமின் என்ற செயற்பொருள். ஒரு தேக்கரண்டித் தூளை 3 கிராம் என்று கொண்டால், அதிலுள்ள குர்குமின் 90 மில்லிகிராம் அளவே. 95 சதவீதம் செறிவூட்டிய 500 மில்லிகிராம் கப்சூல் ஒன்றில் 475 மில்லிகிராம் இருக்கும். அதாவது ஐந்து தேக்கரண்டி மஞ்சளை ஒரே விழுங்கில் விழுங்குவது போன்றது. அதோடு, குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும் என்பதால் தயாரிப்பாளர்கள் மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது மனிதரில் உறிஞ்சல் 20 மடங்கு கூடியது. பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை. ஈரலின் நொதிகளைத் தடுப்பதால் நீங்கள் குடிக்கும் வேறு சில மருந்துகளின் அளவும் இரத்தத்தில் உயரலாம்.

பலன் உண்டா? 2011இல் இந்தியாவில் பித்தப்பையைத் துளைவழிச் சத்திரசிகிச்சையால் அகற்றிய 50 பேரிடம் நடந்த ஆய்வில், குர்குமின் குடித்தவர்களுக்கு முதல் இரண்டு வாரங்களில் வலியும் களைப்பும் குறைவாக இருந்தன. மூன்றாம் வாரத்தில் இரு பிரிவினருக்குமே வலி இருக்கவில்லை. சிறிய ஆய்வு, சிறிய நன்மை. இதை நான் மஞ்சளுக்கு எதிராகச் சொல்லவில்லை. எதிர்பார்ப்பின் அளவைச் சொல்கிறேன். மறுபக்கத்தில், செறிவூட்டிய மஞ்சள் கப்சூல்களால், குறிப்பாகப் பைப்பரின் சேர்ந்தவற்றால், ஈரல் அழற்சி வந்தவர்களைப் பற்றிய அறிக்கைகள் பல நாடுகளிலிருந்து வந்துள்ளன. பித்தக்கல் அல்லது பித்தநாள அடைப்பு உள்ளவர்கள், மஞ்சள் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால், இதைத் தவிர்க்க வேண்டும்.

இஞ்சியின் வலிமை வலியில் அல்ல, குமட்டலில். மயக்க மருந்துக்குப் பின் வரும் ஓங்காளத்தை இஞ்சி ஓரளவு குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ட்ரமடோலால் வயிறு பிரட்டுபவர்களுக்கும் இளஞ்சூடான இஞ்சித் தேநீர் இதமாக இருக்கும். கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடமும் வலிக்காக இஞ்சித் தூளைப் பரிசோதித்திருக்கிறார்கள், ஆனால் அவை சிறிய ஆய்வுகள். வீட்டில் ஒரு விரற்கணு அளவு இஞ்சியைத் தட்டி அவிப்பது போதும். இஞ்சி நெஞ்செரிவைக் கூட்டும் என்பதால், டைக்ளோஃபெனக் குடிப்பவர்கள் வெறுவயிற்றில் குடிக்க வேண்டாம்.

அன்னாசியின் கதை வேடிக்கையானது. நம் வீடுகளில் சத்திரசிகிச்சை செய்தவருக்கு அன்னாசி கொடுக்கவே மாட்டார்கள். இறால், கணவாய், கத்தரிக்காயோடு அதுவும் கிரந்தி என்ற பட்டியலில் சேரும், தையல் சீழ் பிடிக்கும் என்பார்கள். அதே அன்னாசியின் தண்டிலிருந்து எடுக்கும் புரோமலெய்ன் என்ற நொதியைக் கப்சூலாக்கி, "சத்திரசிகிச்சைக்குப் பின் வீக்கம் வற்ற" என்று வெளிநாட்டில் விற்கிறார்கள். அதை அதே வீட்டில் விலை கொடுத்து வாங்கிக் கொடுப்பார்கள். பல் பிடுங்கிய பின் வரும் வீக்கத்திலும் வலியிலும் புரோமலெய்னுக்குச் சிறிது பலன் இருப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அதற்கும் இரத்தக் கசிவைக் கூட்டும் இயல்பு உண்டு. பழத்தின் சதையில் நொதி குறைவு என்பதால், இரண்டு துண்டு அன்னாசி சாப்பிட்டு வீக்கம் வற்றும் என்றும் எண்ண வேண்டாம், தையல் பிரியும் என்றும் அஞ்ச வேண்டாம்.

பல் பிடுங்கிய இடத்துக்குக் கராம்பு பயன்படும். அதிலுள்ள யூஜினோல் மரக்கச் செய்யும், பல் வைத்தியர்களே அதைப் பஞ்சில் தோய்த்து வைப்பதுண்டு. ஆனால் கலப்பில்லாத கராம்பெண்ணெயை நீங்களாகப் புண்ணில் விட்டால் ஈறு வெந்துவிடும். குந்துருக்கம், அதாவது பொஸ்வேலியா, மூட்டுத் தேய்மான வலியில் ஓரளவு ஆராயப்பட்டது. சத்திரசிகிச்சை வலியில் அதற்கு ஆதாரம் மிகக் குறைவு. நொச்சி இலைக்கு வலியையும் அழற்சியையும் தணிக்கும் குணம் இருப்பதை இலங்கையிலேயே எலிகளில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்; எலியிலிருந்து மனிதருக்கு வரும் தூரம் நீண்டது. வில்லோ மரப்பட்டை எனப்படும் கப்சூல் அஸ்பிரினின் உறவினர். அஸ்பிரின் ஒவ்வாதவர்களும், வயிற்றுப்புண் உள்ளவர்களும், டைக்ளோஃபெனக் குடிப்பவர்களும் தொடவே கூடாது. டெவில்ஸ் க்ளோ என்ற ஆபிரிக்கக் கிழங்கு வார்ஃபரினோடு மோதும். ஆர்னிக்காவை வாய்வழியாகச் செறிவாக எடுத்தால் நஞ்சாகும்.

வலி மருந்தால் வரும் மலச்சிக்கலுக்குத்தான் மூலிகை உண்மையில் கைகொடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ட்ரமடோலும் மோர்ஃபினும் குடலின் அசைவை மந்தமாக்குகின்றன. மூன்றாம் நாள் நோயாளி முக்கி முக்கிக் காயத்தை நோகடிப்பார். வைத்தியசாலைகளே பயன்படுத்தும் சென்னா, அதாவது நிலாவிரை, குடலை அசையத் தூண்டுவதால் இந்த இடத்துக்குப் பொருத்தமானது. இசப்கோல் உமி நல்லதுதான், ஆனால் குடல் மந்தமாகக் கிடக்கையில் அது உப்பி அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால் இந்த வகை மலச்சிக்கலுக்கு உகந்ததல்ல. குடலில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இரண்டையும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

ஐந்தாம் படி: கொழும்பில் வாங்கும்போது

புறக்கோட்டையில் காபோஸ் ஒழுங்கையை அண்டிய நாட்டு மருந்துக் கடைகளில் சாக்குச் சாக்காக வேரும் பட்டையும் கிடைக்கும். அங்கே வாங்குவதானால் தூளாக அல்ல, முழுதாக வாங்குங்கள்: முழு மஞ்சள், முழு வேர்க்கொம்பு, முழு மல்லி. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மஞ்சளின் விலை பல மடங்கு ஏறியபோது, மாவும் சாயமும் கலந்த தூள்கள் பிடிபட்டதை நம் குடும்பங்கள் மறந்திருக்காது. பங்களாதேஷில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேற்றுச் சேர்த்ததையும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். வீட்டில் கழுவிக் காயவைத்து அரைப்பது அரை நாள் வேலைதான்.

தயாரித்த மருந்தானால், சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியத் துறைகளை ஒழுங்குபடுத்துவது 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம். ஆங்கில மருந்துகளும், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்களும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கீழ் வருகின்றன. வாங்குபவருக்கு இதன் பொருள்: போத்தலில் பதிவிலக்கம், தயாரிப்பாளரின் முகவரி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, ஒவ்வொரு பொருளின் அளவு ஆகியவை இருக்க வேண்டும். "தனித்துவக் கலவை" என்று மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். விமானத்தில் வந்த போத்தலுக்கு இங்கே பதிவும் இல்லை, முறையிட ஆளும் இல்லை.

உலோகம் கலந்த செந்தூரம், பஸ்பம் ஆகியவற்றை நோயாளிக்கு நீங்களாகக் கொடுக்கக் கூடாது. 2008இல் இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அதைவிட நான் அஞ்சுவது, "ஒரே நாளில் வலி பறக்கும்" என்று பெயரில்லாத பொதியில் வரும் குளிசைகளுக்கு. 2022இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மூட்டு வலிக்கான ஒரு "மூலிகை" மருந்தில் அறிவிக்கப்படாத டைக்ளோஃபெனக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீரொய்டும் இருந்ததாக எச்சரித்தது. ஸ்டீரொய்ட் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், சீனியை ஏற்றும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும். மூலிகை மெல்ல வேலை செய்யும். அரை மணித்தியாலத்தில் வலியை விரட்டினால் அதற்குள் வேறேதோ இருக்கிறது என்று ஐயப்படுங்கள்.

சித்த அல்லது ஆயுர்வேத மருந்தை முறையாக எடுக்க விரும்புபவர்கள் பொரளையிலுள்ள ஆயுர்வேத வைத்தியசாலையிலோ பதிவுபெற்ற சித்த வைத்தியரிடமோ டயக்னோசிஸ் கார்டோடு போக வேண்டும். கார்டைக் காட்டாமல் "கால் நோகுது" என்று மட்டும் சொன்னால் அவராலும் சரியாக எழுத முடியாது.

ஆறாம் படி: ஒரு நேரத்தில் ஒன்று, கொப்பியில் எழுதி

அம்மாவுக்கு ஐந்தாம் வாரத்தில், தடுப்பு மருந்து முடிந்து வைத்தியரும் சம்மதித்த பின், கப்சூலை அல்ல, இரவில் கால் தேக்கரண்டி மஞ்சள் போட்ட பாலைத்தான் தொடங்கினோம். பாடசாலைக் கொப்பி ஒன்றில் காலையும் மாலையும் வலியை 0 முதல் 10 வரை எழுதினார். "காலை 4, படி ஏறின பிறகு 6, பேரன் வந்தபடியால் 3" என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. மஞ்சளா பேரனா வேலை செய்தது என்று கொப்பி சொல்லவில்லை. ஆனால் பரசிட்டமோல் எத்தனையிலிருந்து எத்தனைக்குக் குறைந்தது என்பதை அது தெளிவாகச் சொன்னது, அடுத்த கிளினிக்கில் வைத்தியரும் அதைத்தான் கேட்டார்.

புதிதாக ஒன்றைத் தொடங்கினால் குறைந்தது ஒரு வாரம் வேறெதையும் சேர்க்காதீர்கள்; மூன்றை ஒன்றாகத் தொடங்கிச் சொறி வந்தால் எதை நிறுத்துவது? போத்தலில் எழுதிய ஆகக் குறைந்த அளவில் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் கொப்பியில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். மிச்சமிருக்கிறது என்பதற்காகக் குடிப்பது மருந்தல்ல. அரிஷ்டங்களில் நொதித்தலால் உண்டாகும் மதுசாரம் உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பின் அடிக்கடி எழுதப்படும் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் குடிக்கையில் மதுசாரம் கூடாது, ட்ரமடோலோடு சேர்ந்தால் தூக்கமும் தலைச்சுற்றும் கூடும். கஞ்சா கலந்து விற்கும், மோதகம் எனப்படும் மருந்து உருண்டைகளுக்கும் இதே எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். ஊன்றுகோலோடு நடப்பவர் ஒருமுறை வழுக்கினால் செய்த சத்திரசிகிச்சையே வீணாகிவிடும்.

ஏழாம் படி: எண்ணெயும் பாமும் பற்றும்

தையல் உள்ள இடத்தில் மஞ்சள் அரைத்துப் பூசுவதோ, வல்லாரைச் சாறு விடுவதோ, வேப்பிலைத் தண்ணீரால் கழுவுவதோ கூடாது. அவை கிருமி நீக்கியவை அல்ல. தையல் வெட்டி, காயம் முழுதாக மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகு, காயத்தைச் சுற்றியுள்ள தசைக்கு மட்டும் எண்ணெய் பூசலாம். பாமில் பெரும்பாலும் வின்டர்கிரீன் எண்ணெய் இருக்கும். அதிலுள்ள மெதைல் சலிசிலேற்று தோல்வழியே இரத்தத்தில் கலந்து வார்ஃபரினின் வேலையைக் கூட்டியதாக அறிக்கைகள் உண்டு. பூசிய இடத்தைச் சூடான ஒத்தடத்தாலோ பிளாஸ்டிக்காலோ மூட வேண்டாம்.

உழிச்சல்காரரை வீட்டுக்கு அழைப்பது நம் வழக்கம். இடுப்பு, கால் சத்திரசிகிச்சைக்குப் பின் கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் நொந்தால், அதை எண்ணெய் போட்டு நீவ விடாதீர்கள். அது தசைப்பிடிப்பாக அன்றி உறைந்த இரத்தமாக இருக்கக்கூடும். நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

எட்டாம் படி: உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நேரம்

காயத்திலிருந்து இரத்தம் நிற்காமல் கசிதல், புதிய கன்றல்கள், முரசில் இரத்தம், கறுப்பு மலம். கண் மஞ்சளாதல், கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீர், காரணமில்லாத அரிப்பு. எழுப்பினாலும் எழும்பாத உறக்கம், மூச்சு மெதுவாதல். உடல் நடுக்கத்தோடு வியர்வையும் பதற்றமும். முகமோ உதடோ வீங்குதல். திடீரென மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சு வலி. குறைந்து வந்த வலி மீண்டும் ஏறுதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மூலிகையை நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.

காய்ச்சலைத் தனியே சொல்ல வேண்டும். காயத்தில் கிருமி தொற்றியிருக்கலாம். கொழும்பில் அது டெங்காகவும் இருக்கலாம். டெங்கு என்ற ஐயம் இருக்கும்போது அஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோஃபெனக் மூன்றும் கூடாது. அதே காரணத்துக்காக வில்லோப் பட்டையும், உள்ளி, மஞ்சள் கப்சூல்களும் கூடாது. பரசிட்டமோலை மட்டும் கொடுத்து, அன்றே இரத்தத்தைச் சோதியுங்கள்.

மூச்சுத்திணறலும் நிற்காத இரத்தமும் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். புறப்படும்போது டயக்னோசிஸ் கார்டோடு, குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கும் போத்தல்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.